எந்தக் கடலுக்கு எந்தக் கடிகாரம்?

லண்டனை அடுத்த ஹாம்ப்டன் கோர்ட் அரண்மனையில் 1540-இல் எட்டாம் ஹென்றிக்காக அமைத்த கடிகாரம், லண்டன் பாலத்தடியில் தேம்ஸ் எப்போது ஏறி நிற்கும் என்பதையும் காட்டும். அரண்மனைக்கு ஆற்றுவழிப் படகில் போய்வந்தவர்களுக்கு அது அன்றாடத் தேவை. கிங்ஸ் லின் துறைமுக ஊரின் செயின்ட் மார்கரெட் தேவாலயத்தில் தாமஸ் டியூ 1683-இல் செய்த நிலாக் கடிகாரத்தில், பச்சை டிராகன் ஒன்று தன் நாக்கால் ஏற்ற நேரத்தைச் சுட்டுகிறது. இரண்டுமே ஒரே ஓர் ஊரின் தண்ணீருக்காகச் செய்தவை. கடலின் ஏற்ற வற்றத்தைக் காட்ட, பித்தளை வளையத்துக்குள் இன்று விற்கும் ஓதக் கடிகாரத்தையும் அப்படித்தான் பார்க்க வேண்டும்.

ஆகவே இதை ஒருவருக்குப் பரிசாகக் கொடுக்க நினைத்தால் முதல் வேலை, பெறுபவர் எந்தக் கரையில் வாழ்கிறார் என்று அறிவது. நிலவு தலைக்கு மேல் திரும்பி வர 24 மணி 50 நிமிடம் ஆகிறது. இக்கடிகாரத்தின் முள் அதில் பாதியான 12 மணி 25 நிமிடத்தில் ஒரு சுற்று முடிக்கும். பாஸ்டன், மேய்ன் மாநிலத்துப் போர்ட்லண்ட் போன்ற அட்லாண்டிக் கரைகளில் தினமும் ஏறத்தாழச் சமமான இரண்டு ஏற்றங்கள் வருவதால் முள்ளும் கடலும் ஒத்துப்போகும். மெக்சிகோ வளைகுடாவின் பென்சகோலாவிலோ பெரும்பாலும் நாளுக்கு ஒரே ஏற்றம்தான். சியாட்டிலில் இரண்டு வந்தாலும் ஒன்றுக்கொன்று சமமில்லை. சவுத்தாம்ப்டனில் தண்ணீர் ஏறி, சற்றுத் தாழ்ந்து, மறுபடி ஏறும். இந்த மூன்று ஊர்க்காரர்களுக்கும் வேறு பரிசு தேடுவது நல்லது. சென்னைக் கரையில் இரண்டு ஏற்றங்கள் உண்டு. ஆனால் ஏற்றத்துக்கும் வற்றத்துக்கும் இடையே சுமார் ஒரு மீட்டர்தான் வேறுபாடு. பாஸ்டனில் அது ஏறக்குறைய மூன்று மீட்டர்.

அடுத்தது முகப்பு. உச்சியில் ஏற்றம், அடியில் வற்றம், வலப்பக்கம் வற்றத்துக்கு மிச்சமுள்ள மணி, இடப்பக்கம் ஏற்றத்துக்கு மிச்சமுள்ள மணி: இந்த அமைப்பே பரவலானது. ஒற்றை முள் உள்ளதே படிக்க எளிது. நேரமும் ஓதமும் ஒரே முகப்பில் உள்ளதை வாங்கினால், ஓத முள் வேறு நிறத்தில் இருக்கிறதா என்று பாருங்கள். உப்புக் காற்றில் பித்தளை கறுக்கும். துடைத்துப் பளபளப்பாக்கப் பிடிக்காதவருக்கு மரச் சட்டம் பொருந்தும்.

முள்ளை வைப்பதில்தான் பலரும் அவசரப்படுகிறார்கள். பேட்டரியைக் கழற்றியே பெட்டியில் வையுங்கள். பௌர்ணமி அல்லது அமாவாசை நாளில், பரிசு பெறுபவரின் ஊருக்கான ஓத அட்டவணை சொல்லும் ஏற்ற நேரத்தில் பேட்டரியைப் போட்டு, பின்புறத் திருகால் முள்ளை உச்சிக்குக் கொண்டுவர வேண்டும். அமெரிக்க ஊர்களுக்கு நோவா என்ற அரசு நிறுவனம் இந்த அட்டவணையை இலவசமாகத் தருகிறது. பௌர்ணமி, அமாவாசை நாட்களில் சூரியனும் நிலவும் ஒரே கோட்டில் நின்று இழுப்பதால், ஏற்ற நேரம் சராசரியை ஒட்டி இருக்கும். இடைப்பட்ட நாட்களில் சூரியனின் இழுப்பு அதை முன்னும் பின்னும் தள்ளும். முள் அரை மணி நேரமோ அதற்கு மேலோ பிசகுவது இயல்பு. அதைப் பழுதென்று நினைத்துத் தினமும் திருகத் தேவையில்லை. சில மாதங்களுக்கு ஒருமுறை, இன்னொரு பௌர்ணமியில் சரிசெய்தால் போதும்.

பிறந்தநாள் பௌர்ணமிக்கு முன்பே வந்தால்? அன்றைய ஏற்றத்துக்கு வைத்துவிட்டுப் பிறகு திருத்திக்கொள்ளலாம்.

ஒன்றை மட்டும் கட்டாயம் சொல்லிக் கொடுங்கள்: இதை நம்பிப் படகை மணல் திட்டின் மேல் ஓட்டக் கூடாது. தண்ணீர் எத்தனை அடி ஏறும் என்று இக்கடிகாரம் சொல்லாது. புயலையும் அறியாது. புயலின்போது காற்றழுத்தம் 1 ஹெக்டோபாஸ்கல் குறைந்தாலே கடல்மட்டம் ஏறத்தாழ 1 செ.மீ. உயரும், காற்று அதோடு சேர்ந்து தள்ளும். கடலுக்குப் போகுமுன் பார்க்க வேண்டியது அட்டவணையைத்தான். அந்த ஊரின் அட்டவணையை அச்செடுத்து, அடுத்த இரண்டு பௌர்ணமிகளின் ஏற்ற நேரத்தை வட்டமிட்டு, கடிகாரத்தோடு அதே பெட்டியில் வைத்து அனுப்புங்கள்.