தன் குரல் கண்ட இசையரசி

பிறர் குரலைப் பின்பற்றிப் பாடுவோர் பலர்; தம் குரலில் பாடுவோர் மிகச் சிலர். முன்னதற்குப் பயிற்சி போதும். பின்னதற்குத் தன்னம்பிக்கையும் வேண்டும். இவ்வுண்மைக்கு அமெரிக்க நாட்டு இசையரசி அரேத்தா பிராங்கிளின் வாழ்க்கை தக்க சான்றாகும்.

அம்மையார் 1942 ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்கள் 25 ஆம் நாள் மெம்பிசு நகரில் பிறந்து, டெட்ராய்ட் நகரில் வளர்ந்தார். தந்தையார் புகழ்பெற்ற கிறித்தவப் போதகர். பத்து வயது நிரம்புமுன் அன்னையை இழந்த அச்சிறுமி, சிறிது காலத்தில் தேவாலயத்தில் தனித்து நின்று பாடத் தொடங்கினார். பியானோவையும் செவிவழியே கற்றுக்கொண்டார்.

கறுப்பின மக்களின் தேவாலயப் பாடலும் அவர்தம் உலகியற் பாடலும் கலந்து பிறந்தது 'சோல்' என்னும் இசை. அச்சொல்லுக்கு ஆன்மா என்பது பொருள். உள்ளத்து உணர்ச்சியை ஒளியாது உரைப்பதே அவ்விசையின் உயிர்நிலை.

1960 ஆம் ஆண்டில் அரேத்தா கொலம்பியா இசைத்தட்டு நிறுவனத்திற் சேர்ந்தார். ஆங்கே ஏறத்தாழ ஆறாண்டுகள் பலவகைப் பாடல்களைப் பாடினார். அறிந்தோர் போற்றினர், எனினும் பெரும்புகழ் வாய்க்கவில்லை. தேவாலயத்தில் பொங்கியெழுந்த குரல் அப்பாடல்களில் அடங்கியே ஒலித்தது. அவரோ சோர்ந்திலர்.

பின்னர் அட்லாண்டிக் நிறுவனத்தார் அவரைப் பியானோவின்முன் அமர்த்தி, அவரது இயல்பின்படியே பாடவிட்டனர். 1967 ஆம் ஆண்டில் மதிப்பு எனப் பொருள்படும் 'ரெஸ்பெக்ட்' என்னும் பாட்டு வெளிவந்தது. ஓட்டிஸ் ரெடிங் என்பார் 1965 இல் இயற்றிப் பாடிய அப்பாட்டில், வீடு திரும்பும் ஆடவன் தன் துணைவியிடம் மதிப்பை வேண்டுவான். அரேத்தாவின் பாட்டிலோ பெண்ணே அதனைக் கேட்கிறாள். இரந்து கேளாமல் உரிமையுடன் கேட்கிறாள். அச்சொல்லை எழுத்தெழுத்தாகக் கூட்டிப் பாடும் பகுதியும் அவர் சேர்த்ததே. தமக்கையும் தங்கையும் உடன்பாடினர். பாடுவோர் மாறவே பாட்டின் பொருளும் மாறிற்று. உரிமைக்குப் போராடிய கறுப்பின மக்களும் மகளிரும் அதனைத் தம் முழக்கமாகக் கொண்டனர்.

1987 இல் ராக் அண்டு ரோல் புகழ்மண்டபத்தில் இடம்பெற்ற முதற்பெண்மணி அவரே. 1998 ஆம் ஆண்டு கிராமி விருது விழாவில் பாடவிருந்த இத்தாலியப் பாடகர் பவரொட்டி நோயுற்றார். அவர் பாடவேண்டிய இசைநாடகப் பாடலை யார் பாடுவது? அரேத்தா உடன்பட்டார். அது அவருடைய மரபைச் சார்ந்த பாடல் அன்று, ஒத்திகைக்கும் பொழுதில்லை. எனினும், பவரொட்டிக்கென அமைத்த சுருதியிலேயே பாடினார். அவையோர் எழுந்து நின்று ஆர்ப்பரித்தனர். இருபத்தைந்து வயதில் தம் குரலைக் கண்டவர், ஐம்பத்தைந்தாம் வயதில் எவ்வவைக்கும் அஞ்சாதவரானார்.

அம்மையார் 2018 ஆகஸ்டு 16 ஆம் நாள் மறைந்தார். மறுவருடம் புலிட்சர் குழுவினர் அவருக்குச் சிறப்புப் பாராட்டு அளித்தனர்.

மாணவ மணிகளே! புகழ் வாராத ஆறாண்டுகளும் அவருக்கு வீணாகவில்லை. பல்வகைப் பாடலிலும் பயின்ற அந்நாட்களின் பயனே பின்னாளில் துணைநின்றது. கற்பதைக் கைவிடாது கற்பீராக. கற்றதை நும் குரலிலேயே கூறுவீராக.