வெப்பமும் வண்டும்

நெகிரி செம்பிலான் மாநிலத்தின் ஜெம்போல் வட்டாரத்தில் சாலையின் இருமருங்கிலும் செம்பனைத் தோட்டங்களைக் காணலாம். அம்மரங்களில் காய் பிடிக்க உதவும் உயிரினம் எது தெரியுமா? அரிசியைவிடச் சிறிய ஒரு கூன்வண்டுதான்!

செம்பனையில் ஆண் பூங்குலையும் பெண் பூங்குலையும் தனித்தனியே மலர்கின்றன. முன்பு, தோட்டப் பாட்டாளிகள் மகரந்தத் தூளைப் பெண் பூக்களின்மீது கையால் தூவி வந்தனர். பூச்சியியல் அறிஞர் ரஹ்மான் சையதுவின் ஆய்வின் பயனாக, 1981ஆம் ஆண்டு கேமரூன் நாட்டுக் கூன்வண்டு இங்கு அறிமுகப்படுத்தப்பட்டது. முதலில் ஜொகூர், குளுவாங்கில் விடப்பட்ட அது விரைவில் நாடெங்கும் பரவியது. சோம்பு போன்ற பூமணம் அவ்வண்டை ஈர்க்கிறது. ஆண் பூக்களில் முட்டையிட்டுப் பெருகும் அது, மகரந்தத்தைச் சுமந்து பெண் பூக்களையும் நாடுகிறது. இதனால், கையால் தூவும் வேலை தேவையற்றுப் போனது.

இத்தகைய வண்டினங்களுக்கு வெப்பம் என்ன தீங்கு செய்யும்? இங்கிலாந்தின் ஈஸ்ட் ஆங்கிலியா பல்கலைக்கழக ஆய்வாளர்கள், நம் வீட்டு மாவு டப்பாவிலும் காணப்படும் செம்மாவு வண்டை ஆராய்ந்து, 2018இல் முடிவுகளை வெளியிட்டனர். ஐந்து நாள்கள் 42 பாகை செல்சியஸ் வெப்பத்தில் இருந்த ஆண் வண்டுகள் சாகவில்லை. ஆனால், அவற்றுக்குப் பிறந்த குஞ்சுகளின் எண்ணிக்கை பாதியாகக் குறைந்தது. இரண்டாம் முறை வெப்பத்திற்கு உள்ளானபோது, அவை ஏறத்தாழ மலடாயின. பெண் வண்டின் உடலில் சேர்ந்திருந்த விந்தணுக்களும் பாதிக்கப்பட்டன. அதோடு நிற்கவில்லை. வெப்பத்திற்கு உள்ளான ஆண் வண்டின் வாரிசுகளுக்கும் ஆயுள் குறைந்தது. தந்தை பட்ட வெயில் பிள்ளையின் வாழ்நாளையும் சுருக்கியது!

இவ்வளவு வெப்பம் நமக்குத் தொலைவில் இல்லை. 1998ஆம் ஆண்டு ஏப்ரல் 9ஆம் நாள் பெர்லிஸ், சுப்பிங்கில் 40.1 பாகை செல்சியஸ் பதிவானது. மாவு வண்டுக்கு நேர்ந்தது கூன்வண்டுக்கும் நேர்ந்தால், பூ மலரும், காய் பிடிக்காது. வண்டு உயிரோடு பறப்பதைக் கண்டு, நலமாக இருக்கிறது என்று எண்ணிவிடவும் முடியாது.

எனவே, பூக்கும் மரங்களில் பூச்சிக்கொல்லி தெளிப்பதைத் தவிர்த்தல், வண்டு முட்டையிடும் ஆண் பூங்குலைகளை வெட்டாது விடுதல், நிலத்தில் மூடுபயிர் வளர்த்தல் ஆகியவற்றைத் தோட்டங்கள் கடைப்பிடிக்க வேண்டும். சிறு துரும்பும் பல் குத்த உதவும் என்பர். இச்சிறு வண்டோ பல குடும்பங்களின் வயிற்றுப்பாட்டுக்கே உதவுகிறது. அதனைக் காப்பது நம் கடமையன்றோ?