பிள்ளையைச் சேர்க்கும் முன் பாடசாலையைப் பாருங்கள்

"பிள்ளையை எந்தப் பள்ளிக்கூடத்திலை விட்டனீங்கள், அக்கா?"

"பஸ் நிக்கிற இடத்துக்குக் கிட்ட இருக்கிறதிலைதான். வேறை என்னத்தைப் பாக்கிறது, தங்கச்சி?"

இடம்பெயர்ந்த குடும்பங்களிடையே இத்தகைய பேச்சை அடிக்கடி கேட்கலாம். சொந்த ஊரில் இந்தக் கேள்வியே எழுவதில்லை. தகப்பன் படித்த பாடசாலையிலேயே பிள்ளையும் படிக்கும். அதிபரைத் தெரியும், எந்த வகுப்பில் எந்தப் பாடம் பலவீனம் என்பதும் தெரியும். புதிய இடத்தில் எதுவும் தெரியாது. அதனால் கிட்ட இருப்பதில் விடுகிறோம். அல்லது பெயர்பெற்ற பாடசாலையைத் தேடி அலைகிறோம்.

குத்தகைக்கு ஒரு வயல் எடுப்பதானால் இப்படிச் செய்வோமா? மண்ணைக் கையில் எடுத்துப் பார்ப்போம். வாய்க்காலின் கடைசிக்கும் தண்ணீர் வந்து சேருமா என்று கேட்போம். பாடசாலையிலும் கேட்க வேண்டியது இதுவே: முன்வரிசைப் பிள்ளைக்கு மட்டுமா, கடைசி வரிசைப் பிள்ளைக்கும் படிப்புப் போய்ச் சேருகிறதா? இடையில் வந்து சேரும் நமது பிள்ளை பெரும்பாலும் கடைசி வரிசையிலேயே இருக்கிறது.

கேட்பதற்குத் தயங்க வேண்டியதில்லை. இலங்கையில் 1945 முதல் இலவசக் கல்வி நடைமுறையில் உள்ளது. 1998 முதல் 5 தொடக்கம் 14 வயது வரை கல்வி கட்டாயமாக்கப்பட்டது. 2016இல் அது 16 வயது வரை உயர்த்தப்பட்டது. எனவே பிள்ளைக்குக் கிடைக்கும் இடம் எவரும் இரங்கித் தரும் பிச்சை அல்ல.

1. எதுவரை படிக்கலாம்?

அரசாங்கப் பாடசாலைகள் நான்கு வகை. 1 ஏபி வகையில் விஞ்ஞானப் பிரிவு உட்பட உயர்தரம் உண்டு. 1 சி வகையில் உயர்தரத்தில் கலை, வணிகம் முதலியவை உண்டு, விஞ்ஞானம் இல்லை. வகை 2 தரம் 11 வரை. வகை 3 ஆரம்ப வகுப்புக்களுக்கு உரியது. தரம் 6இல் சேர்க்கும்போதே இதைக் கேட்டு அறிந்தால், பிற்பாடு எங்கே மாற வேண்டும் என்பதைத் திட்டமிடலாம்.

2. படிப்பு எப்படி?

வாசலில் உள்ள பெறுபேற்றுப் பலகையை மட்டும் பார்த்து முடிவு செய்ய வேண்டாம். ஒரு கணக்கை எடுத்துக்கொள்வோம்.

முதலாம் பாடசாலையில் தரம் 10இல் 120 பிள்ளைகள். சாதாரணதரப் பரீட்சைக்குத் தோற்றியோர் 100. உயர்தரம் படிக்கத் தகுதி பெற்றோர் 54. இருவருக்கு ஒன்பது பாடங்களிலும் ஏ சித்தி. பலகையில் அவ்விருவரின் பெயர்கள்.

இரண்டாம் பாடசாலையில் தரம் 10இல் 40 பிள்ளைகள். தோற்றியோர் 38. தகுதி பெற்றோர் 28. ஒன்பது ஏ எவருக்கும் இல்லை, பலகையும் இல்லை.

முதலாவதில் 100க்கு 45 பேர் கரை சேர்ந்தனர். இரண்டாவதில் 100க்கு 70 பேர். முதலாவதில் பரீட்சைக்கு முன்பே நின்றுவிட்ட 20 பேர் எங்கே? அந்த 20 பேரைப் பற்றி அதிபரிடம் பணிவாகக் கேளுங்கள்.

கணிதம், விஞ்ஞானம், ஆங்கிலம் ஆகிய பாடங்களுக்கு ஆசிரியர் இருக்கிறாரா என்றும் கேளுங்கள். சாதாரணதரத்தில் ஆறு பாடங்கள் கட்டாயம். மூன்று தெரிவுப் பாடங்கள். விவசாயமும் உணவுத் தொழினுட்பமும் என்ற பாடம் தெரிவில் உண்டு. ஆனால் ஆசிரியர் இல்லாத இடத்தில் அது வெறும் பெயர்தான். 2013இல் தொடங்கிய உயர்தரத் தொழினுட்பப் பிரிவில் உயிர்முறைமைகள் தொழினுட்பம் விவசாயத்தோடு நெருங்கியது. எந்தப் பாடசாலையில் அது உண்டு என விசாரியுங்கள்.

அயல் வீட்டுப் பிள்ளையின் கொப்பியை வாங்கிப் பாருங்கள். ஆசிரியர் திருத்தியிருக்கிறாரா? பிழையைக் காட்டியிருக்கிறாரா? எழுத வாசிக்கத் தெரியாத தாய்க்கும் சிவப்பு மை தெரியும். "மிச்சத்தை ரியூசனிலை படிக்கட்டும்" என்று சொல்லும் பாடசாலை, காசில்லாத பிள்ளையைக் கைவிடுகிறது.

3. பிற செயற்பாடுகள்

அலுமாரியிலுள்ள கிண்ணங்களை எண்ண வேண்டாம். இல்ல மெய்வல்லுநர் போட்டியில், தமிழ்மொழித் தினப் போட்டியில், சாரணர் இயக்கத்தில் எத்தனை பிள்ளைகள் பங்குபற்றுகிறார்கள் என்று கேளுங்கள். எப்போதும் அதே பத்துப் பேரா? உடுப்புக்கும் பயணத்துக்கும் யார் செலவு செய்வது? பயிற்சி முடியும்போது கடைசி பஸ் போய்விடுமா? படிப்பில் பின்தங்கிய பிள்ளை ஓட்டத்திலோ நாடகத்திலோ தன் பெயரைக் கேட்டால், மறுநாளும் பாடசாலைக்கு வரும்.

4. பிள்ளைகள் எப்படிப் பழகுகிறார்கள்?

இதை அலுவலகத்தில் இருந்து அறிய முடியாது. இடைவேளை நேரத்தில் போய் நில்லுங்கள். புதிதாக வந்த பிள்ளைகள் மற்றவர்களுடன் கலந்து விளையாடுகிறார்களா, மதில் ஓரத்தில் தனியே நிற்கிறார்களா? "காம்ப் பிள்ளை" என்று எவரும் கூப்பிடுகிறார்களா? கூப்பிட்டால் ஆசிரியர் கண்டிக்கிறாரா, சிரிக்கிறாரா? பெண்பிள்ளைகளுக்குக் கதவுள்ள, தண்ணீருள்ள மலசலகூடம் உண்டா? 2005ஆம் ஆண்டுச் சுற்றறிக்கை பாடசாலைகளில் உடல் தண்டனையைத் தடைசெய்துள்ளது. ஆசிரியரின் கையில் தடி இருக்கிறதா?

விடுகைப் பத்திரம் தொலைந்த பிள்ளையை எப்படி வரவேற்கிறார்கள் என்பதும் ஒரு பரீட்சைதான். "அதை எடுத்துக்கொண்டு வாங்கோ" என்று திருப்பி அனுப்புகிறார்களா, அல்லது "பிள்ளை இருக்கட்டும், வலயக் கல்வி அலுவலகத்தோடு நாங்கள் கதைக்கிறோம்" என்கிறார்களா?

எந்தக் குறையைப் பொறுக்கலாம்?

எல்லாம் நிறைந்த பாடசாலை அரிது. ஆசிரியர் வெற்றிடத்தைப் பெற்றோர் சேர்ந்து வலயக் கல்வி அலுவலகத்துக்கு எழுதிக் கேட்கலாம். தண்ணீர்த் தாங்கியைப் பாடசாலை அபிவிருத்திச் சங்கத்தின் மூலம் திருத்தலாம்; பெற்றோராகிய நாமும் அதன் அங்கத்தவர்களே. ஆனால் அவமானப்பட்ட பிள்ளை அதுவரை காத்திராது. ஒரு நாள் சத்தமின்றி நின்றுவிடும். குறைந்த புள்ளியைப் பிறகு கூட்டலாம். நின்ற பிள்ளையைத் திரும்ப அனுப்புவது மிகக் கடினம்.

நம் பக்கத்திலும் ஒரு கடமை உண்டு. காலபோக அறுவடைக் காலத்தில் வயலுக்கென்று பிள்ளையை நாமே மறித்து வைத்தால், எந்தப் பாடசாலையாலும் அந்தப் பாடங்களை ஈடுசெய்வது கடினம்.

கலந்துரையாடலுக்கு

1. நமது குடியிருப்பில் பாடசாலைக்குப் போகாத பிள்ளைகள் எத்தனை பேர்? எந்தத் தரத்தில் நின்றார்கள்? ஏன்?
2. அருகிலுள்ள இரு பாடசாலைகளுக்கு மூன்று பெற்றோராகச் சென்று பார்த்து வாருங்கள். ஒருவராவது தாயாக இருக்கட்டும். மேலே கூறிய கணக்கை அங்கும் போட்டுப் பாருங்கள்.
3. பிள்ளைகளிடமே கேளுங்கள்: "அங்கை உனக்கு ஆர் சிநேகிதர்?" விடை வராவிட்டால் அடுத்து என்ன செய்வோம்?