ஒரே பெஞ்சு, ஒரே வேலை

கேள்வி: எங்கள் அரசுப் பள்ளிப் பிள்ளைகளையும் பூந்தமல்லிப் பக்கத்துத் தனியார் பள்ளி மாணவர்களையும் அவ்வப்போது சந்திக்க வைக்கலாமென நினைக்கிறோம். பலன் இருக்குமா?
- ஓர் ஆசிரியை, குத்தம்பாக்கம்

பதில்: நிச்சயம் இருக்கும். உங்கள் ஊரே அதற்குச் சாட்சி. இளங்கோ குத்தம்பாக்கம் ஊராட்சித் தலைவராக இருந்தபோது கட்டப்பட்ட சமத்துவபுரத்தின் இரட்டை வீடுகளில், தலித் குடும்பமும் பிற சாதிக் குடும்பமும் ஒரே சுவரைப் பகிர்ந்து குடியேறின. பெரியவர்களால் முடிந்தது பிள்ளைகளால் முடியாதா?

டெல்லியில் 2007 முதல் பல பெரிய தனியார் பள்ளிகள் ஏழைப் பிள்ளைகளுக்கு இடம் ஒதுக்க வேண்டியிருந்தது. பொருளாதார அறிஞர் கௌதம் ராவ் இதை ஆராய்ந்தார். ஏழைப் பிள்ளைகளோடு படித்த வசதியான மாணவர்களிடம் பிறருக்கு உதவும் குணம் கூடியிருந்தது, பாகுபாடு குறைந்திருந்தது. சில பள்ளிகளில் பெயரின் அகரவரிசைப்படி படிப்புக் குழுக்களைப் பிரித்திருந்தார்கள். அப்படித் தற்செயலாக ஒரே குழுவில் அமர்ந்து படித்ததும் இந்த மாற்றத்துக்கு முக்கியக் காரணம்.

ஆகவே வெறும் சுற்றுலாச் சந்திப்பு போதாது. பாதிச் சந்திப்புகள் உங்கள் பள்ளியில் நடக்கட்டும். இரு பள்ளிப் பிள்ளைகளும் கலந்த குழுக்கள் குத்தம்பாக்கம் ஏரியின் நீர்மட்டத்தையோ பறவைகளையோ ஆண்டு முழுக்கச் சேர்ந்து குறித்துவரட்டும். ஒன்றில் மட்டும் கண்டிப்பாக இருங்கள்: அந்தத் தனியார் பள்ளி நோட்டுப் புத்தகம், பழைய துணி என்று தானம் கொண்டுவர அனுமதிக்காதீர்கள். கொடுப்பவர், வாங்குபவர் என்றாகிவிட்டால் நட்பு முளைக்காது. இந்தக் கல்வியாண்டிலேயே தொடங்குங்கள், டீச்சர்.