கிரிட் விழுந்த நாள்

2012 ஜூலை 31, பகல் ஒரு மணி. தில்லியில் சிக்னல் பிரிவில் பணியில் இருந்தேன். நடைமேடையில் நின்ற மின்சார எஞ்சினின் இரைச்சல் சட்டென்று அடங்கியது. முதல் நாள் அதிகாலை இரண்டரை மணிக்கும் இதே கதைதான். மெட்ரோ நின்றது. வீட்டில் மோட்டார் ஓடாமல் மாடித் தொட்டி காலி. மதுரையிலிருந்து தங்கை போன் செய்து, "இங்கே கரண்ட் இருக்கிறதே அண்ணா!" என்றாள். தினமும் பல மணி நேரம் மின்வெட்டில் வாடிய தமிழ்நாடு அன்று நம்மைப் பார்த்துப் பரிதாபப்பட்டது!

நடந்தது இதுதான். மின்சாரத்தை நெல்லைப் போலக் குதிரில் கொட்டி வைக்க முடியாது. செலவாகும் அளவை அந்தந்த வினாடியே உற்பத்தி செய்தாக வேண்டும். ஈடு சரியாக இருந்தால் அதிர்வெண் 50 ஹெர்ட்ஸில் நிற்கும். அன்று வடக்கே தேவை மிகுதி. மேற்கிலிருந்து மின்சாரம் கொண்டுவந்த பீனா–குவாலியர் 400 கிலோவோல்ட் பாதை பாரம் தாங்காமல் துண்டித்துக்கொண்டது. அதன் சுமை பக்கத்துப் பாதைகளில் ஏறியது. அவையும் ஒவ்வொன்றாக விலகின. முதல் நாள் வடக்கு மண்டலம் மட்டும் விழுந்தது. மறுநாள் கிழக்கும் வடகிழக்கும் சேர்ந்து விழுந்தன. 60 கோடிப் பேருக்கு மேல் வசிக்கும் பகுதி அது.

எங்கள் சிக்னல் வேறு மாதிரி. தண்டவாளத்தில் சிறு மின்னோட்டம் ஓடி ரிலேயைத் தூக்கிப் பிடித்திருக்கும். வண்டிச் சக்கரம் ஏறினாலும், கம்பி அறுந்தாலும், பேட்டரி செத்தாலும் ரிலே விழும்; சிவப்பு எரியும். பிழை நேர்ந்தால் பத்திரமான பக்கம் சாய வேண்டும் என்று எங்கள் முன்னோர்கள் அமைத்துவிட்டுப் போனார்கள். (சிவப்பைப் பார்த்துத் திட்டும் பயணிகளுக்கு இது தெரியாது.) கிரிட்டிலும் ஒவ்வொரு ரிலேயும் தன் பாதையைக் காப்பாற்றிக்கொண்டது, ஆனால் மொத்தமும் போயிற்று.

திரும்ப எழுப்புவது இன்னும் சிக்கல். அனல் மின் நிலையத்தின் பம்பும் விசிறியும் ஓடவே மின்சாரம் வேண்டும். நிலக்கரியைக் கொண்டுபோவது ரயில். அந்த ரயிலை இழுப்பதும் பெரும்பாலும் மின்சாரம். யார் முதலில் எழுந்திருப்பது? தானே எழக்கூடிய நீர்மின் நிலையங்களும், விழாமல் நின்ற மேற்கு மண்டலமும்தான் கைகொடுத்தன. நடுவழியில் நின்ற வண்டிகளை டீசல் எஞ்சின்கள் இழுத்து வந்தன. இன்று அகலப்பாதை ஏறக்குறைய முழுவதும் மின்மயமாகிவிட்டது. மகிழ்ச்சிதான். ஆனால் டீசல் எஞ்சின்களை அடியோடு கழித்துவிடக் கூடாது என்பது என் கட்சி.

அன்று தங்கை வீட்டில் விளக்கு எரிந்ததற்குக் காரணம், தெற்கு மண்டலம் மற்றவற்றோடு ஒரே அதிர்வெண்ணில் இணையாமல் இருந்ததே. 2013 டிசம்பர் 31 அன்று ராய்ச்சூர்–சோலாப்பூர் 765 கிலோவோல்ட் பாதை அதையும் இணைத்தது. அதனால் தெற்கே பற்றாக்குறை வந்தால் வடக்கிலிருந்து கொடுக்கலாம். ஒரு நிலையம் நின்றாலும் நாடே தோள் கொடுக்கும். தங்கையிடம் இதை விளக்கினேன். "அப்படியானால் இனி நீங்கள் விழுந்தால் நாங்களும் விழுவோமா?" என்று கேட்டாள். வாய்ப்பு உண்டு என்றேன். அன்றே ஒரு அரிக்கேன் விளக்கு வாங்கிவிட்டாளாம்.