மலைப் படங்களின் உடுப்பும் உண்மையும்

ஊட்டி, குன்னூர் மலைகளில் எடுத்த சரித்திரப் படம் என்றால் பனிமூட்டமும் தொப்பி வைத்த துரையுமே போதும், பழைய காலம் வந்துவிட்டது என்று நம்பிவிடுகிறோம். அப்படி ஊறிப்போன சில நம்பிக்கைகளைப் பார்ப்போம்.

நம்பிக்கை: துரைமார் ஊட்டியில் கால் வைத்தபோதே சுற்றிலும் தேயிலை இருந்தது.

உண்மை: கோவை கலெக்டர் ஜான் சல்லிவன் மலையேறியது 1819ல், ஊட்டியில் கல் பங்களா எழுந்தது 1820களில். தேயிலையைச் சோதனையாக நட்டதே 1830களில், கேத்தியில். தோட்டத் தொழிலாக அது வேரூன்ற 1860கள் ஆயிற்று. சல்லிவன் காலத்துக் கதையில் தேயிலைச் சரிவு தெரிந்தால், நடிகரின் கோட்டு எவ்வளவு சரியாக இருந்தும் பயனில்லை. பின்னணியில் யூக்கலிப்டஸ் நின்றாலும் தவறுதான். அது 1840களில் வந்த மரம்.

நம்பிக்கை: வெள்ளைக்காரச் சிப்பாய் என்றால் காக்கி.

உண்மை: 1840களின் பிற்பகுதியில் வடமேற்கு எல்லையின் கைட்ஸ் படையில்தான் காக்கி தொடங்கியது. அது எல்லாப் படைக்கும் பரவப் பல பத்தாண்டுகள் ஆயின. 1820களின் ஊட்டியில் காக்கிக்கு இடமே இல்லை.

நம்பிக்கை: சிவப்பும் கறுப்பும் பூவேலை செய்த வெள்ளைப் போர்வை நீலகிரிப் பழங்குடிகள் எல்லோருக்கும் பொதுவான உடை.

உண்மை: அது தோடர்களின் பூத்துக்குளி. ஆண், பெண் இருபாலரும் போர்த்துவர். பூவேலை செய்வது பெண்கள். துணியின் இழைகளை எண்ணியே தைப்பதால், நெய்தது போலத் தோன்றும். இந்தப் பூவேலை 2013ல் புவிசார் குறியீடு பெற்றது. கோத்தர், குறும்பர், இருளர், பணியர், காட்டுநாயக்கர் தோளில் இதைப் போட்டுவிடுவது ஆறு சமூகங்களை ஒன்றாக்கிவிடுவதாகும். படகர் பெண்களின் வெள்ளை உடையும் தலைத்துணியும் இதிலிருந்து முற்றிலும் வேறு.

நம்பிக்கை: கொழுந்து பறிப்பவர் எப்போதும் இன்றுபோலவே இருந்தனர்.

உண்மை: இடுப்பில் சுற்றும் பிளாஸ்டிக் விரிப்பும் கையில் பிடிக்கும் கத்தரியும் பிற்காலத்து வரவு. வெள்ளையர் காலத்தில் மழைக்கும் குளிருக்கும் கம்பளிதான். கொழுந்தைக் கிள்ளியது விரல்.

நம்பிக்கை: ‘பரதேசி’ நீலகிரித் தோட்டத்தின் கதை.

உண்மை: 2013ல் வெளியான பாலாவின் அந்தப் படத்துக்கு அடிப்படை, ஆனைமலைப் பகுதித் தோட்டங்களில் மருத்துவராக இருந்த பி.எச். டேனியல் எழுதிய ‘ரெட் டீ’ நாவல். இரா. முருகவேள் அதைத் தமிழில் ‘எரியும் பனிக்காடு’ ஆக்கினார். களம் வால்பாறைப் பக்கம். படத்தின் உடை வடிவமைப்புக்காகப் பூர்ணிமா ராமசாமி தேசிய விருது பெற்றார்.

நம்பிக்கை: வெளிநாட்டுப் பெரிய படங்களில் பிசகு இராது.

உண்மை: டேவிட் லீனின் ‘எ பாஸேஜ் டு இந்தியா’ (1984) உடை வடிவமைப்புக்கு ஆஸ்கர் பரிந்துரை பெற்ற படம். கதை வட இந்தியாவில் 1920களில் நடக்கிறது. மலையேறும் ரயிலோ நம் நீலகிரி ரயில். அது குன்னூருக்கு 1899லும் ஊட்டிக்கு 1908லும் வந்துவிட்டது. ஆகவே காலம் சரி, இடம்தான் தவறு.

கதைக்காக இடத்தை மாற்றுவது கலைஞரின் உரிமை. ஒரு சமூகத்தின் உடையை இன்னொன்றுக்கு மாட்டுவது அந்த உரிமையில் சேராது. இங்கே படமெடுக்க வருபவர்கள் துணி எடுக்கும் முன் முத்தோரை பாலாடாவில் உள்ள பழங்குடியினர் ஆய்வு மைய அருங்காட்சியகத்துக்கு ஒருமுறை போய் வரட்டும். அந்தந்தச் சமூகத்துப் பெரியவர்களையும் கேட்கட்டும்.