செங்கோணத்திற் சுழலும் பற்சில்லுகள்

சென்ற ஆண்டு ஒருநாள் மாலை, முகத்துவாரத்திலிருந்து கடற்றொழிலுக்குச் செல்லும் எம் பழைய மாணவர் ஒருவர், உள்ளங்கையளவான பற்சில்லொன்றைக் கொணர்ந்து என் மேசைமீது வைத்தார். அதன் பற்களிற் பாதி சிதைந்திருந்தன. இரவில் நடுக்கடலில் இயந்திரம் முழங்கியதாம், படகோ நகரவில்லையாம். விடிந்தபின் வேறொரு படகே அவரை இழுத்து வந்தது. தமிழாசிரியனிடம் இதற்கு என்ன மருந்து என நகைப்பார் உளர். இயந்திரத்தோடு கொடுத்த கைந்நூல் ஆங்கிலத்தில் இருந்தது. அதனைத் தமிழிற் சொல்லித்தரவே அவர் என்னை நாடினார். அன்று இருவருமாகக் கற்றதை ஈண்டு எழுதுகின்றேன்.

வெளியிணைப்பு இயந்திரத்தின் தண்டு மேலிருந்து செங்குத்தாக நீருக்குள் இறங்குகிறது. நீரைத் தள்ளும் விசிறியின் தண்டோ கிடையானது. நிற்கும் தண்டின் சுழற்சியைக் கிடக்கும் தண்டுக்குக் கொடுப்பது எங்ஙனம்? கூம்பு வடிவான இரு பம்பரங்களை எடுத்து ஆணிகளைக் களைந்துவிடுக. ஒன்றை நுனி கீழாக நிறுத்தி, மற்றதைப் படுக்கவைத்து, இரண்டின் நுனிகளும் ஒரே புள்ளியிற் கூடுமாறும் பக்கங்கள் ஒன்றையொன்று தொடுமாறும் பொருத்துக. ஒன்றைச் சுழற்றினால் மற்றதும் சுழலும். சுழலும் பொருளின் விளிம்பு விரைந்து செல்லும். நடுவை அணுக அணுக வேகம் குறையும். இரு கூம்புகளும் நுனிநோக்கி ஒரே விகிதமாகச் சிறுப்பதால், தொடும் இடமெங்கும் இரண்டின் வேகமும் ஒத்திருக்கும், வழுக்கல் இல்லை. அக்கூம்புகளின் அகன்ற பகுதியை மட்டும் அறுத்தெடுத்துப் பற்கள் வெட்டினால், அதுவே சரிவுப் பற்சில்லு. அதன் பற்கள் ஒருபுறம் தடித்தும் மறுபுறம் மெலிந்தும் இருப்பது இதனாலேதான். என் மாணவர் அம்மெலிவையும் தேய்வென்றே எண்ணியிருந்தார்!

1909 ஆம் ஆண்டு அமெரிக்காவில் ஓலே எவின்றூட் விற்பனைக்குக் கொணர்ந்த படகு இயந்திரத்திலும் இவ்வமைப்பே நீருக்குள் இருந்தது. படுவான்கரை வயல்களில் உழும் இயந்திரத்திலும் இதன் இனத்தைக் காணலாம். அங்கே இயந்திரத்தண்டு நெடுக்கிலும் பின்சில்லுகளின் அச்சு குறுக்கிலும் கிடக்கின்றன. திருத்துநர் 'கிரவுன்', 'பினியன்' என்பன இவ்விணையையே. பினியனுக்கு 6 பற்களும் கிரவுனுக்கு 36 பற்களும் இருப்பதாகக் கொள்வோம். பினியன் 6 முறை சுழன்றால் கிரவுன் ஒருமுறை சுழலும். உராய்விற் போவது நீங்கலாக, சுழற்றும் வலு ஆறு மடங்காகும். சேற்றிற் புதைந்த சில்லு எழுவது அவ்வலுவால்.

இனி, சிதைந்த பற்களுக்கு வருவோம். நீருக்குள் இருக்கும் பற்சில்லுப் பெட்டியில் எண்ணெய் நிறைந்திருக்கும். விசிறித்தண்டு வெளிவரும் இடத்தில் ஒரு ரப்பர் வளையம் உப்புநீரைத் தடுக்கும். கடலில் மிதக்கும் தங்கூசி நூல் விசிறியின் பின்னே சுற்றிக்கொண்டால் அவ்வளையத்தை அறுத்துவிடும். நீர் புக, எண்ணெய் மோர்போல் வெளுக்கும், பற்களுக்கிடையே எண்ணெய்ப் படலம் அறும், துரு பிடிக்கும். மேலே இயந்திரம் எப்போதும்போல் முழங்குவதால் செவிக்கு ஒன்றும் தெரியாது. எம் மாணவரின் விசிறியைக் கழற்றியபோது ஒரு கைப்பிடி நூல் வந்தது.

ஆகவே விசிறியை அடிக்கடி கழற்றி நூலை நீக்குக. இயந்திரத்தைச் சிலமணி நேரம் நிமிர்த்தி வைத்தபின், பெட்டியின் கீழ்த் திருகாணியைச் சற்றே தளர்த்துக. முதலில் நீர்த்துளி வந்தாலும், எண்ணெய் வெளுத்து வந்தாலும், அன்று கடலுக்குப் போகலாகாது, வளையத்தை மாற்றுக. புது எண்ணெயை அக்கீழ்த் துளை வழியே, மேல் துளையிற் ததும்பும்வரை ஏற்றுக. மேலிருந்து ஊற்றினால் உள்ளே காற்று தங்கிவிடும்.